விருந்து மண்டபத்துள் ஒடுங்கிய காலம்

இன்றைய உலகு என்றும் இவ்வாறே இருந்ததன்று. இனியும் இவ்வாறே இருக்கப்போவதன்று. இவ்வுண்மையை இளைஞருக்கு உணர்த்தவல்லது காலப்பயணக் கதை. எச். ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய 'காலயந்திரம்' வர்க்கப் பிளவின் கோரமான எதிர்காலத்தையே காட்டிற்று.

ஜேர்மானிய எழுத்தாளர் கேர்ஸ்டின் கீர் 2009இல் தொடங்கிய நாவல் வரிசையும் நம்பிக்கை அளித்தது. அதன் நாயகி, எதிர்பாராது காலங்கடக்கும் இலண்டன் மாணவி குவென்டலின். தன்னை ஆட்டுவிக்க முனையும் இரகசியச் சங்கத்தை அவள் ஐயுற்றாள்.

2010இல் வெளிவந்த இரண்டாம் பாகமாகிய 'நீலமணி நீலம்' அந்நம்பிக்கையைப் பொய்ப்பிக்கின்றது. சில நாட்களுக்குள்ளேயே கதை சுழல்கின்றது. ஐயுற்றவள் இப்போது பெரும்பாலும் காதலன் கிடியனின் முகக்குறிப்பையே பார்த்து மகிழ்கிறாள், வாடுகிறாள். 1782ஆம் ஆண்டின் பிரபுக்கள் விருந்துக்குச் சென்று மது மயக்கத்திற் பாடுகிறாள். சிரிப்பூட்டும் காட்சிதான். ஆயின் அதற்கு முந்திய ஆண்டிறுதியிலேதான் 'சொங்' என்னும் ஆங்கிலேயக் கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஆபிரிக்க அடிமைகள் கடலில் வீசப்பட்டனர். 1783இல் இலண்டன் நீதிமன்றம் அதனை வெறும் காப்புறுதி வழக்காகவே விசாரித்தது. அக்காலத்துச் செல்வம் எங்கிருந்து வந்ததென நாவல் வினவவில்லை. சென்ற காலம் அதற்கு ஓர் உடையலங்காரம் மட்டுமே.

பாட்டனாரை இளைஞராக நிலவறையிற் சந்திக்கும் பகுதி விதிவிலக்கு. அங்கே கடந்த காலம் மனிதராகப் பேசுகின்றது. ஆசிரியையின் ஆற்றலுக்கு அதுவே சான்று.

இளைஞர் நூலுக்குச் சமுதாய நோக்கு எதற்கென்போர் இளைஞரையே குறைத்து மதிப்பிடுகின்றனர். மாணவர் இந்நூலை வாசிப்பதைத் தடுக்கவேண்டியதில்லை. வாசித்த பின், அவ்விருந்திற் பரிமாறியவர் யாரெனக் கேட்கப் பழக்குவோம்.