மலர்களில் இல்லாத பிள்ளைகள்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு ஒரு கிழமைக்கு முந்தி, எங்களூர்ப் பாடசாலையொன்றின் ஆண்டு நிறைவு மலர் என் கைக்குக் கிடைத்தது. பளபளப்பான அட்டை. உள்ளே அமைச்சர்களின் வாழ்த்து, வலயக் கல்விப் பணிப்பாளரின் வாழ்த்து, பள்ளிவாசல் தலைவரின் வாழ்த்து. பிறகு பாடசாலை வரலாறு, அதிபர்களின் படங்கள், வைத்தியர்கள், பொறியியலாளர்கள், மௌலவிகள், சட்டத்தரணிகளின் பெயர்ப் பட்டியல். கடைசியில் கடைக்காரர்களின் விளம்பரம்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தவன் நான். இப்படியான மலர்கள் என் அலுமாரியில் ஒரு தட்டு நிறையக் கிடக்கின்றன. அவற்றில் இரண்டில் ‘பாடசாலை வரலாறு’ எழுதியவனும் நானேதான். எனவே இங்கே நான் வைக்கும் விமர்சனம் முதலில் என்னையே சேரும்.

மலரைப் புரட்டிக்கொண்டிருந்த அன்று பின்னேரம், என்னிடம் படித்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். மலரை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: “சேர், எங்கட பெச்சில மூணு பேர்ட பேர்தானே இதில இரிக்கி. மத்த ஆக்களெல்லாம் எங்க போன?”

அவர் குறையாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் எனக்குப் பதில் சொல்ல ஏலாமல் போனது. அவர் ஒன்பதாம் தரத்தோடு நின்றவர். அவரது பெயரை இடாப்பிலிருந்து வெட்டியது என் கைதான்.

இரண்டு வகை எழுத்து, ஒரே பழக்கம்

கல்வியைப் பற்றி நம் காலத்தில் அதிகம் எழுதப்படுவது இரண்டு வடிவங்களில். ஒன்று, யுனெஸ்கோ போன்ற நிறுவனங்களும் அரசாங்கங்களும் வெளியிடும் பிராந்திய அறிக்கைகள். மற்றது, நாம் வெளியிடும் மலர்களும் சமூகக் கல்வி வரலாறுகளும். ஒன்று எண்களால் ஆனது, மற்றது பெயர்களால் ஆனது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாசித்தால் பழக்கம் ஒன்றுதான் என்பது விளங்கும். உள்ளே வந்தவர்களை இரண்டும் எண்ணுகின்றன. இடையில் வெளியேறியவர்களுக்கு ஒரு வசனத்துக்கு மேல் இரண்டுமே செலவழிப்பதில்லை.

அறிக்கைகளைப் பொய்யென்று தள்ளிவிடுவதும் நியாயமில்லை. 1990இல் தாய்லாந்தின் ஜொம்தியனிலும், 2000இல் செனகலின் டக்காரிலும் உலக நாடுகள் கூடி ‘எல்லோருக்கும் கல்வி’ என்று உறுதி கொண்டன. 2015 வரை தவணை. அந்தப் பதினைந்து வருடத்தில் நமது பிராந்தியம் கண்ட முன்னேற்றம் சும்மா சொல்லக்கூடாது, பெரியது. தெற்கு, மேற்கு ஆசியாவில் ஆரம்பப் பாடசாலைக்கே போகாத பிள்ளைகள் 2000ஆம் ஆண்டளவில் 3 கோடிக்கும் மேல். 2012இல் அது ஏறத்தாழ 1 கோடியாகக் குறைந்தது.

பங்களாதேஷ் 1994இலிருந்து நாடளாவிய ரீதியில் கிராமப்புற இடைநிலைப் பெண்பிள்ளைகளுக்கு உதவிப் பணம் கொடுத்தது. வரவு 75 வீதம் இருக்க வேண்டும், பரீட்சையில் குறித்த புள்ளி எடுக்க வேண்டும், படிக்கும் காலத்தில் கலியாணம் முடிக்கக் கூடாது. இவைதான் நிபந்தனைகள். பெண்களை வீட்டுக்குள் வைத்திருந்த வறிய முஸ்லிம் கிராமங்களில் அந்தச் சிறுதொகை செய்த வேலையை ஆயிரம் மேடைப் பேச்சுகள் செய்திருக்கா. இந்தியாவிலோ இலவசக் கட்டாயக் கல்வி 2009இல் சட்டமாகி, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பாக்கிஸ்தானும் 2010இல் 5 முதல் 16 வயது வரையான கல்வியை அரசியலமைப்பில் உரிமையாக எழுதிக்கொண்டது.

ஆனால் பாக்கிஸ்தானில் அந்த உரிமை எழுதப்பட்ட பிறகும் 2 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பாடசாலைக்கு வெளியே இருக்கிறார்கள். இந்தியாவில் வகுப்பறைக்குள் பிள்ளை இருக்கிறது, ஆனால் 2018இன் ‘அசர்’ ஆய்வின்படி கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. கொவிட்டுக்குப் பிறகு, 2022இல், அதுவும் குறைந்து 43 வீதமளவில் நின்றது. ஆப்கானிஸ்தானில் 2021க்குப் பிறகு ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குக் கதவு மூடப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் மூடப்பட்டது. அறிவைத் தேடுவது கடமை என்று மிம்பரில் கேட்டு வளர்ந்த நமக்கு இதைப் பற்றி வாய் திறக்க ஏன் தயக்கம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சராசரி என்ற திரை

பிராந்திய அட்டவணைகளில் இலங்கை எப்போதும் மேலே நிற்கும். அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. கன்னங்கராவின் திட்டம் 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது. 1980இலிருந்து இலவசப் பாடநூல். 1993இலிருந்து இலவசச் சீருடைத் துணி. 1998 ஜனவரியிலிருந்து 5 முதல் 14 வயது வரை கட்டாய வரவு, 2016இல் அது 16 வயதாக உயர்ந்தது. பாக்கிஸ்தானோடும் நேபாளத்தோடும் ஒப்பிட்டால் நாம் பெருமைப்படலாம்.

அந்தப் பெருமைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சராசரி நல்லதென்றால் கீழே இருப்பவனைத் தேட யாருக்கும் தோன்றாது. இந்தியாவில் 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கையை நான் அடிக்கடி திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான். 2001 குடிசன மதிப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 வீதம், முஸ்லிம்களுடையது 59.1 வீதம் என்று அது பிரித்துக் காட்டியது. 6 முதல் 14 வயது வரையான முஸ்லிம் பிள்ளைகளில் நாலில் ஒரு பங்கு ஒருநாளும் பாடசாலைக்குப் போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்றது. முஸ்லிம்கள் பிள்ளைகளை மத்ரஸாவுக்குத்தான் அனுப்புகிறார்கள் என்ற கதையையும் அது உடைத்தது: பாடசாலை வயதுப் பிள்ளைகளில் மத்ரஸாவுக்குப் போகிறவர்கள் 3 வீதம் மட்டுமே. அந்த அறிக்கையின் பரிந்துரைகள் எவ்வளவு நிறைவேறின என்பது வேறு கதை. சராசரியைக் கிழித்து உள்ளே பார்த்தது அதன் பெரிய காரியம்.

அப்படி நம்மை நாமே கிழித்துப் பார்த்த ஒரு நூலை நம் சமூகத்தில் தேடுகிறேன்.

நம் வரலாற்றில் யார் இருக்கிறார்கள்

நாம் எழுதும் கல்வி வரலாறுகள் எல்லாம் ஒரே பாதையில் போகும். சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கினார், 1884இல் கொழும்பில் மத்ரஸத்துல் கைரிய்யா தொடங்கியது, 1892இல் ஸாஹிராவுக்கு வழி பிறந்தது, ஒறாபி பாஷா வந்தார், பிறகு ரி.பி. ஜாயா, ஏ.எம்.ஏ. அஸீஸ், பதியுதீன் மஹ்மூத். இவர்களின் கடனை நாம் தீர்க்க முடியாது. ஆனால் இந்த வரலாற்றின் அரங்கம் பெரும்பாலும் கொழும்பும் கண்டியும்தான். அஸீஸ் அவர்களையே எடுங்கள். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து, அங்குள்ள முஸ்லிம்களின் நிலையை நேரில் கண்டவர் அவர். 1945இல் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் உருவானது. நாம் நிதியத்தை எழுதுகிறோம். வயலிலும் கடலிலும் நின்ற பிள்ளைகளை, எந்தப் பிள்ளைகளுக்காக அது தேவைப்பட்டதோ அவர்களை, எழுதுவதில்லை.

என் மூத்தம்மா கச்சேரியில் கைநாட்டு வைத்தவர். அரசாங்கத்தின் கணக்கில் அவர் எழுத்தறிவில்லாதவர். ஆனால் மஃரிபுக்குப் பிறகு அறபுத் தமிழ்க் கிதாபை மடியில் வைத்து, சுற்றியிருந்த பெண்களுக்கு ராகமாக வாசிப்பார். எங்கள் பெண்களின் கல்வி பூச்சியத்தில் தொடங்கியது என்று நானே ஒரு மலரில் எழுதியிருக்கிறேன். இப்போது அதை வாசிக்க வெட்கமாக இருக்கிறது. அறபுத் தமிழ் வாசித்த பெண்ணை அரசாங்கப் பாடசாலைக்குக் கொண்டுவரும் பாலத்தை நாம் கட்டவில்லை என்றுதான் எழுதியிருக்க வேண்டும். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தொடங்கிய சித்திலெப்பையிடம் அந்த எண்ணம் இருந்தது. எங்களூருக்கு அது வந்து சேர எத்தனையோ தலைமுறை பிடித்தது.

இதேபோல வடக்கு முஸ்லிம்கள். 1990 ஒக்டோபரில் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட மக்களில் பெரும்பங்கினர் புத்தளத்துக்கு வந்தார்கள். ஏற்கெனவே இடநெருக்கடியோடு இருந்த பாடசாலைகளில் காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள், பின்னேரம் இடம்பெயர்ந்த பிள்ளைகள் என்று வகுப்பு நடந்தது. ஓலைக் கொட்டில்களிலும் நடந்தது. இரு பக்கத்துப் பிள்ளைகளும் இழந்தார்கள். யாழ்ப்பாணம் ஒஸ்மானியாக் கல்லூரியின் பழைய பெருமையை நாம் எழுதியிருக்கிறோம். முகாமில் படிப்பை விட்ட பிள்ளைகளை யார் எழுதினார்கள்? இலங்கையின் சேர்வு வீதம் அந்த வருடங்களிலும் நல்லதாகத்தான் இருந்தது!

வாசல் இருக்கிறது, படி இல்லை

அறிக்கைகள் ‘அணுகல்’ என்று சொல்வது பாடசாலை வாசலைத்தான். நம் நாட்டில் வாசல் கிட்டத்தான் இருக்கிறது. ஆனால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபீ பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். மற்றவை கலை, வர்த்தகத்தோடு நிற்கும், அல்லது சாதாரண தரத்தோடு நிற்கும், அல்லது ஆரம்பப் பிரிவோடு முடியும். கரையோரக் கிராமத்தில் வகை 2 பாடசாலைக்குப் போகிற பிள்ளையும், கொழும்பில் பெரிய கல்லூரிக்குப் போகிற பிள்ளையும் அறிக்கையில் ஒரே ஒன்றுதான்.

இலவசம் என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். அபிவிருத்திச் சங்கக் காசு, டியூசன், சப்பாத்து, கொப்பி, வேன். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கணக்கு எந்த உம்மாவுக்கும் மனப்பாடம். முதலில் நிற்பவன் பொடியன். நம் பகுதிகளில் இப்போது பெண்பிள்ளைகள் முன்னுக்குப் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஆண்பிள்ளை ஒன்பதாம், பத்தாம் தரத்தில் கடைக்கோ, தோணிக்கோ, கட்டட வேலைக்கோ போய்விடுகிறான். பாஸ்போட் வயது வந்ததும் வெளிநாடு. அவனுடைய வீட்டுக்கு வரும் ரியாலை எண்ணுகிறோம். அவன் விட்டுப்போன கொப்பியை எண்ணுவதில்லை.

ஒரு பிள்ளை எப்படி நிற்கிறது என்பதை இடாப்பைப் பார்த்த எவரும் சொல்வார்கள். முதலில் திங்கட்கிழமை வராது. பிறகு கிழமையில் இரண்டு நாள் வராது. பிறகு ஒரு மாதம். இடாப்பில் பெயர் மட்டும் இருக்கும். ஆசிரிய ஆளணி மாணவர் தொகையைப் பொறுத்தது. ஆகவே பெயரை வெட்ட அதிபருக்கும் மனம் வராது. நானும் அப்படிச் செய்திருக்கிறேன். அந்தப் பெயர்கள் மேலே போய், வீதமாகி, அறிக்கையில் முன்னேற்றமாக வந்து நிற்கும். கடைசியில் ஒருநாள் சிவப்புக் கோடு. முச்சக்கரவண்டிக்காரரின் பெயருக்கு மேல் நான் கோடு போட்டபோது, அவர் வீட்டுக்கு ஒருக்கால் போய்ப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரது வாப்பா அந்த வருஷம் படுக்கையில் கிடந்தாராம். இது எனக்கு அன்று பின்னேரம்தான் தெரியும்.

அடுத்த மலருக்கு

நான் மலர்களை நிறுத்தச் சொல்லவில்லை. ஊருக்கு அவை வேண்டும். பேரப்பிள்ளைகள் தங்கள் வாப்பாமாரின் பெயரைத் தேடிப் பார்க்கும் சந்தோஷம் சின்ன விஷயமில்லை. ஆனால் ஒவ்வொரு மலரும் இரண்டு பக்கத்தை ஒதுக்கட்டும். அதில் ஒரு அட்டவணை: முதலாம் தரத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஐந்தாம் தரத்துக்கும் ஒன்பதாம் தரத்துக்கும் வந்தவர்கள் எத்தனை பேர், சாதாரண தரம் எழுதியவர்கள் எத்தனை பேர். பெயர் போட வேண்டாம், அது அவர்களுடைய மானம். எண் போதும். இதற்கு யுனெஸ்கோ தேவையில்லை, ஆய்வுப் பட்டமும் தேவையில்லை. பழைய இடாப்புகள் அலுவலக அலுமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. ஒரு கிழமை லீவில் இரண்டு இளம் ஆசிரியர்கள் உட்கார்ந்தால் எழுதிவிடலாம்.

அந்த எண் வெளியே வந்தால் ஊருக்குள் சண்டை வரும். அதிபர் கோபிப்பார், பழைய மாணவர் சங்கம் மானம் போகுதென்று சொல்லும். வரட்டும். பள்ளிவாசல் ஸகாத் குழுவுக்கு எந்தத் தரத்தில் எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். நோன்பு மாதத்தில் உலர் உணவுப் பொதி கொடுக்கிற நாம், ஒரு பொடியனின் பஸ் காசைக் கொடுத்து அவனைப் பதினோராம் தரம் வரை கொண்டுபோக ஏலாதவர்களா?

முச்சக்கரவண்டிக்காரர் போகும்போது சொன்னார்: “எனக்குப் பரவால்ல சேர். என்ட மகன் இப்ப எட்டாம் ஆண்டு. அவன்ட பேரக் கொஞ்சம் பாத்துக்கங்க.”

அவர் சொன்னது மலரையா இடாப்பையா என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாடசாலையின் அதிபரைச் சந்தித்து, பழைய இடாப்புகளைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார். இதை வாசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தங்கள் ஊரிலும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.