கென் ஜேக்கப்சின் காட்சிக்கலையில் ஆழமும் துடிப்பும்

நியூயார்க் கலைஞர் கென் ஜேக்கப்ஸ் 1970-களின் நடுவில் தொடங்கிய ‘நரம்பு மண்டலம்’ நிகழ்த்துகைகளில் ஒரே திரைப்படத்தின் இரு படிகள் இரு ஒளிவீழ்த்திகளில் சிறிது முன்பின்னாக ஓடும். அவற்றின் முன்னே சுழலும் தகடு இரண்டையும் மாறிமாறி மறைக்க, தனிக் கண்ணாடி அணியாமலே திரையில் ஆழம் தோன்றும். ஒற்றைக் கண் பார்வையுடையோர்க்கும் அது புலனாகும். வணிகத் திரையரங்கின் முப்பரிமாணமோ அவர்களை விலக்கிவிடுகிறது.

இந்நோக்கினைக் கணினிவழித் தொடரும் ‘முதலாளியம்: குழந்தை உழைப்பு’ (2006) என்னும் காணொளிக்கு ஆலை ஒன்றின் பழைய இரட்டை ஒளிப்படம் ஒன்றே மூலம். எந்திரங்களிடையே சிறுவர்கள் நிற்கின்றனர். படம் துடிக்கிறது, சுழல்வதுபோல் மயக்குகிறது. ஆயினும் எவரும் ஓரடியும் நகர்வதில்லை. துன்பத்தைக் கண்ணுக்கு விருந்தாக்குவதாக இதனைக் குறைகூற இடமுண்டு. அக்குறை முழுவதும் பொருந்தாது. இரட்டை ஒளிப்படங்கள் ஒரு காலத்தில் வரவேற்பறைப் பொழுதுபோக்காகவே விற்கப்பட்டன. அவ்வாறு எளிதில் நுகரப்பட்ட முகங்களை ஜேக்கப்ஸ் விழியை வருத்தும் துடிப்புடன் திருப்பித் தருகிறார். பார்வையாளர் ஓய்ந்து நோக்க இயலாது. ரிக் ரீடின் இசை மட்டும் இவ்வருத்தத்தைச் சற்று முந்திக்கொண்டு அறிவித்துவிடுகிறது.