மேன்ஷனும் போர்டிங்கும்

சொற்பச் சம்பளத்தோடு சென்னைக்கு வரும் இளைஞன் முதலில் விசாரிப்பது திருவல்லிக்கேணி மேன்ஷனை. அதே நிலையில் யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்குப் போகிறவன் தேடுவது வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு போர்டிங். இரண்டும் வாடகை அறைதான். ஆனால் மேன்ஷனில் காசு கொடுத்தால் இடம் கிடைத்துவிடும். போர்டிங்குக்கு ஆள் தெரிந்திருக்க வேண்டும். இரு நகரங்களிலும் கையில் காசில்லாதவன் காலந்தள்ளும் விதம் வேறுபடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மேன்ஷன் அறையில் கட்டில் இருக்கும், துணி காயப்போட ஒரு கொடி இருக்கும், அடுப்பு இருக்காது. அரசுத் தேர்வுக்குப் படிப்பவர், மருந்து விற்பனைப் பிரதிநிதி, சினிமா வாய்ப்புத் தேடும் உதவி இயக்குநர் என்று சமைக்க வழியில்லாத ஆண்கள் ஒரே பேட்டையில் குவிந்ததால் மெஸ்களும் அங்கேயே பெருகின. அக்பர் சாகிப் தெருவின் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு முறைக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். மெஸ்ஸுக்கும் கட்டுப்படியாகாத மாதக் கடைசிக்கு மாநகராட்சியின் மலிவு விலை அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் அது தொடங்கியபோது ஓர் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: அங்கே யாரும் அட்டை கேட்பதில்லை. ரேஷன் அரிசியோ மகளிர் உரிமைத் தொகையோ குடும்ப அட்டை உள்ள வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். அறைவாசிக்கு அட்டை ஊரில், அப்பா பெயரில் இருக்கும். அவன் கையை நீட்டி வாங்கக்கூடியது அந்த இட்லியைத்தான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கிடைத்த இலவசப் பயணமும் இதே வகை. ஏறினால் போதும், முகவரி வேண்டாம்.

கொழும்பில் இப்படி ஒரு பொதுப் பந்தி இல்லை. அதன் இடத்தில் வீடு இருக்கிறது. மேல்மாடியிலோ பின்புறத்து அனெக்ஸிலோ பையன்களை வைத்து, சாப்பாட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் நெடுங்காலமாக உண்டு. காலையில் பாணும் சம்பலும், இரவில் புட்டோ இடியப்பமோ சொதியோடு. மத்தியானம் கடைச் சோற்றுப் பார்சல். வீட்டுக்கார அன்ரி ஒருநாள் காசு கேட்காமல் பொறுப்பார். மேன்ஷன் மேலாளர் பொறுக்கமாட்டார். ஆனால் இரவு எத்தனை மணிக்கு வந்தாய் என்ற செய்தி ஊரிலிருக்கும் அம்மாவுக்கு மறுநாளே போய்விடும். அதையும் வாடகையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

போர்டிங்கின் அருமை கூடியதற்கு அரசியலும் காரணம். போர்க்காலத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கிய தமிழர் பொலிஸ் பதிவில்லாமல் நிம்மதியாகத் தூங்க முடிந்ததில்லை. 2007 ஜூன் 7 அன்று பொலிஸார் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கானோரைப் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. தெரிந்தவர் வீட்டு அறை அப்போது சிக்கனத்துக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும் தேவைப்பட்டது. மேன்ஷன்காரனுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை.

வீட்டை நம்பிய ஏற்பாட்டின் பலவீனம் இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் வெளிப்பட்டது. 2021 அக்டோபர் தொடக்கத்தில் 1,500 ரூபாய்க்குள் இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர், அடுத்த ஏப்ரலில் 4,860 ரூபாய். அந்தச் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். விலை ஏறிய வேகத்தில் அன்ரியின் சமையலறையே தடுமாறியது. போர்டிங் காசை உயர்த்துவதைத் தவிர அவருக்கும் வழியில்லை. விலையேற்றத்தை அரசு தாங்கினால் ஊரே பகிர்ந்துகொள்ளும். ஒரு குடும்பம் எத்தனை மாதம் தாங்கும்?

முற்பணத்தில் சென்னைதான் கொடியது. தனி வீடு எடுக்கப் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது இங்கே எழுதாத சட்டம். அந்தப் பணம் வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கிடக்கும், காலி செய்யும்போது வெள்ளையடித்த செலவு போக மீதி வரும். கொழும்பிலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாகக் கேட்பதுண்டு. ஆனால் பெரும்பாலும் அதை வாடகையிலேயே கழித்துவிடுவார்கள்.

இரு ஊர்களிலும் மாறாத ஒன்று உண்டு. சென்னை வீட்டுக்காரர் “சைவமா, அசைவமா?” என்பார். கொழும்பு வீட்டுக்காரர் “எந்த ஊர், ஆற்ற (யாருடைய) பிள்ளை?” என்பார். இரண்டு கேள்விகளும் பல சமயம் சாதியை அறியத்தான்.

இவற்றையெல்லாம்விட மலிவான இடம் ஒன்றிருக்கிறது: முதலாளி தரும் இடம். கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளின் மேல்தளத்தில் படுத்துறங்கும் மலையகப் பையனும், தியாகராய நகர் ஜவுளிக்கடை விடுதியில் தங்கும் தென்மாவட்டப் பெண்ணும் வாடகை என்று தனியே எதுவும் கொடுப்பதில்லை. வேலையை விட்டால் அன்றே கூரையும் போகும் என்பதால் சம்பளம் உயர்த்தக் கேட்கவும் வாய் வராது.

கொழும்பு மாநகர சபை, அட்டையும் சிபாரிசும் கேட்காத மலிவு உணவகங்களை வட்டாரத்துக்கு ஒன்றாவது திறக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுக்கு வேலை இன்னும் எளிது. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. கூடவே, இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் சரி என்றும் சொல்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ளமாட்டான்? அந்த விலக்கை நீக்குங்கள்.