கேர்னல் மாறிய மறுநாள் காலை

காலை எட்டரை மணி. கிளிநொச்சியில் ஒரு கணினி ஆய்வுகூடம். வேர்ச்சுவல்பொக்ஸைத் திறந்த மாணவிக்கு, நேற்றுவரை ஓடிய மெய்நிகர் கணினி இன்று எழும்பவில்லை. கேர்னல் டிரைவர் இல்லை என்று ஒரு பெட்டி, கீழே -1908 என்ற பிழை எண். "சேர், நான் ஒண்டும் மாத்தேல்லை" என்கிறாள். உண்மைதான். இரவு உபுண்டு லினக்ஸ் தானாகவே தன் மையமான கேர்னலைப் புதுப்பித்திருக்கிறது.

வேர்ச்சுவல்பொக்ஸின் ஒரு துண்டு லினக்ஸ் கேர்னலுக்குள் போய் உட்கார்ந்தால்தான் மெய்நிகர் கணினி ஓடும். ஆனால் அந்தத் துண்டு கேர்னலோடு சேர்ந்து வளர்வதில்லை. ஒராக்கிள் அதை வெளியே வைத்துப் பராமரிக்கிறது. கேர்னலின் உட்புறத்தை மாற்றாமல் காப்போம் என்று லினக்ஸ் ஆக்குநர்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததும் இல்லை. ஆகவே கேர்னல் மாறும்போதெல்லாம் அந்தத் துண்டைத் திரும்பக் கட்ட வேண்டும். அதைத் தானாகச் செய்ய வந்ததுதான் டெல் நிறுவனத்தில் பிறந்த டிகேஎம்எஸ்.

கேர்னலுக்கு வெளியே வைத்துப் பராமரிக்கும் இந்த வழக்கத்தின் பலனை நான் நாளாந்தம் அனுபவிக்கிறேன். பிள்ளைகளின் மடிக்கணினியில் விண்டோஸ், ஆய்வுகூடத்தில் லினக்ஸ். ஒரே மெய்நிகர் கணினியைப் பென் டிரைவில் கொடுத்தால் இரண்டிலும் ஓடுகிறது. வீட்டில் விட்ட பாடத்தை வகுப்பில் தொடரலாம். டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் வீடுகளுக்கு இது சிறிய உதவியல்ல.

பலவீனம் கட்டும் இடத்தில் இருக்கிறது. கேர்னலின் தலைப்புக் கோப்புகள், கம்பைலர், வேர்ச்சுவல்பொக்ஸின் மூலநிரல் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். உபுண்டு 22.04 இல் 2024 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். புதிதாக வந்த 6.5 கேர்னல் ஜிசிசி 12 கம்பைலரால் கட்டப்பட்டது. பயனரின் கணினியில் இருந்ததோ ஜிசிசி 11. புதியது கேட்ட ஒரு தெரிவு பழையதற்குத் தெரியாது. கட்டுமானம் பாதியில் நின்றது. ஜிசிசி 12 ஐ நிறுவினால் தீர்ந்தது. ஆனால் திரையில் வந்த பிழைச் செய்தியில் அந்த மருந்து எழுதப்பட்டிருக்கவில்லை. வேகமான இணைப்பும் கேட்க ஆளும் இருப்பவருக்கு அது பத்து நிமிட வேலை. இரண்டும் இல்லாத முதலாமாண்டுப் பிள்ளைக்கு ஒரு நாள் போய்விடும். மாற்றத்தை யாரோ செய்ய, செலவு கடைசியில் இருப்பவரின் தலையில் விழுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

லினக்ஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான கேவிஎம் இதற்கு நேர்மாறு. 2007 இல் வந்த 2.6.20 பதிப்பிலிருந்து அது கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. உட்புறத்தை மாற்றுகிறவரே கேவிஎம்மையும் சேர்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். சுமை இருக்க வேண்டிய இடம் அதுதான். என்றாலும் விண்டோஸ் மடிக்கணினியில் அது ஓடாது. எங்கள் வகுப்பின் பாதியை அதனால் எட்ட முடியாது. உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவருக்காகக் காத்திருப்பதும் இல்லை: 2024 நவம்பரில் வந்த 6.12 கேர்னலில், கேவிஎம் ஏற்றப்பட்டவுடனேயே செயலியின் மெய்நிகராக்க வசதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பக்கத்திலிருந்த வேர்ச்சுவல்பொக்ஸ் கிளம்பவே மறுத்தது.

தவணை தொடங்குமுன் இப்போது நான் ஆய்வுகூடக் கேர்னலை ஒரே பதிப்பில் பூட்டிவிடுகிறேன். அதற்குரிய தலைப்புக் கோப்புகளும் கம்பைலரும் ஒரு பென் டிரைவில், மேசை லாச்சியில். பாதுகாப்புத் திருத்தங்கள் அந்த மாதங்களில் வந்து சேராது என்பது தெரியும். அதனால் அந்தக் கணினிகளில் யாரையும் வங்கிக் கணக்குத் திறக்க விடுவதில்லை. விடுமுறை தொடங்கிய அன்றே பூட்டை எடுத்து, எல்லாவற்றையும் புதுப்பித்து, ஒவ்வொரு கணினியிலும் மெய்நிகர் கணினி எழும்புகிறதா என்று நானே அழுத்திப் பார்க்கிறேன்.