பூமியா குற்றவாளி?

(நூல் விமர்சனம்)

இரணியல் பக்கத்து வாசகர்களே, உங்கள் கிணற்று நீர் தெளிவாக இருக்கிறது, வாடை இல்லை, சுவையும் உண்டு. ஆகவே அது நல்ல தண்ணீர் என்பீர்கள். இந்த முடிவு எவ்வளவு ஆபத்தானது என்பதை ஆண்ட்ரூ மெஹார்க் 2005-இல் எழுதிய 'வெனமஸ் எர்த்' என்ற ஆங்கில நூல் உணர்த்துகிறது. 'நஞ்சுள்ள பூமி' என்று தமிழில் சொல்லலாம். வெள்ளைப் பாஷாணத்தில் உள்ள ஆர்சனிக் என்ற தனிமத்தின் கதை இது.

வங்காளத்தில் குளத்து நீரைக் குடித்தவர்களை வயிற்றுப்போக்கு வாட்டியது. அதைத் தடுக்கவே 1970-களிலிருந்து இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. 1983-இல் மேற்கு வங்கத் தோல் மருத்துவர் கே. சி. சாகா, உடலில் கரும்புள்ளிகளும் உள்ளங்கையில் தடிப்பும் கொண்டவர்களைக் கண்டார். அவர்கள் குடித்த கிணற்று நீரில் ஆர்சனிக் இருந்தது.

அதை எந்தத் தொழிற்சாலையும் கொட்டவில்லை. இமயப் பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியே வண்டலாகப் படிந்தன. வண்டல் மணிகளின் மேல் படிந்த இரும்புத் துரு ஆர்சனிக்கைப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாதபோது, மக்கிய தாவரப் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் அத்துருவைக் கரைக்கின்றன. பற்றியிருந்த நஞ்சும் நீரில் கலக்கிறது.

இந்தக் கதையோடு, இங்கிலாந்தில் ஆர்சனிக் பச்சை பூசிய சுவர்த்தாள்களின் வரலாற்றையும் ஆசிரியர் இணைத்திருப்பது நூலின் சிறப்பு. மனிதன் விற்ற நஞ்சும் மண் ஈன்ற நஞ்சும் ஒன்றே என்பது விளங்குகிறது.

தலைப்பைத்தான் ஏற்க முடியவில்லை. அது பூமியைக் கூண்டில் நிறுத்துகிறது. ஆர்சனிக் அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்தது. அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது கைப்பம்பு. நோய்க்கிருமிக்கு அஞ்சியவர்கள், நிலத்தடி நீரில் ஆர்சனிக் உண்டா என்று முன்னதாகச் சோதிக்கவில்லை. நஞ்சு இயற்கையானது, சோதிக்காத குற்றம் மனிதருடையது.

நம் நிலம் வங்காளத்தின் இளம் வண்டல் அல்ல, பழம்பாறையும் செம்மண்ணும். ஆகவே அந்தக் கதையைக் கேட்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதும், தருமபுரிக் கிணறுகளில் புளோரைடு மிகுந்திருப்பதும் இயற்கையின் செயல்களே. 'இயற்கையானது தூயது' என்ற நம்பிக்கை எங்கும் செல்லாது.

குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவைக் கண்ணும் நாக்கும் அறியா. கொதிக்க வைத்தாலும் அது போகாது. சோதனை ஒன்றே வழி. புதுக் கிணறு வெட்டுவோர் முதல் குடம் நீரைச் சோதனைக்கு அனுப்புவார்களானால், இந்நூலைப் படித்த பயன் கிட்டும்.