சொல்லும் திருத்தமும்: ‘ஜாக்கி’ திரைப்பட உரையாடல் குறித்து

கணவனை இழந்த பெண்ணின் துயரைப் பொருளாகக் கொண்ட வாழ்க்கை வரலாற்றுப் படங்கள் பெரும்பாலும் அழுகையை நம்புவன. சிலி நாட்டு இயக்குநர் பாப்லோ லாராயின் 2016இல் வெளியிட்ட ‘ஜாக்கி’ அவ்வாறன்று. கொலையுண்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் மனைவி ஜாக்குலினை அது அழுபவராகக் காட்டுவதைவிடத் திருத்துபவராகவே காட்டுகிறது. எந்தச் சொல் ஏட்டில் நிற்க வேண்டும், எது நீங்க வேண்டும் என்பதே படத்தின் உண்மையான போராட்டம். நோவா ஓப்பன்ஹைம் எழுதிய திரைக்கதை வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசைப் பெற்றது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இப்படத்தைக் கருதிப் பார்க்க வேண்டியதும் இந்த உரையாடலின் பொருட்டே.

கென்னடி டல்லாஸ் நகரில் சுடப்பட்டது 1963 நவம்பர் 22ஆம் நாள். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 29 அன்று, ஹயானிஸ் போர்ட்டிலுள்ள கென்னடி குடும்ப இல்லத்திற்கு ‘லைஃப்’ இதழுக்காகத் தியோடர் எச். வொயிட் வரவழைக்கப்பட்டார். டிசம்பர் 6 நாளிட்ட இதழில் கட்டுரை வெளிவந்தது. இச்சந்திப்பே படத்தின் சட்டகம். வொயிட் 1960 தேர்தலைப் பற்றி நூல் எழுதியவர், கென்னடியிடம் பரிவுடையவர். படத்தில் வரும் இதழாளருக்கோ பெயரே இல்லை. ஐயமும் சிறிது ஏளனமும் உடையவராக அவர் அமைகிறார். வரலாற்று நோக்கில் இது பிழை எனலாம்; உரையாடல் நோக்கில் ஆதாயம். பரிவுள்ள செவிக்கு முன் திருத்துவதற்கான தேவை இவ்வளவு கூர்மையாகப் புலப்பட்டிராது.

ஒரு காட்சி தனித்துச் சுட்டத்தக்கது. விரலிடையில் சிகரெட் புகைந்துகொண்டிருக்க, தாம் புகைப்பதில்லை என்று ஜாக்குலின் கூறுகிறார். பேசப்படும் கணத்தில் அது பொய். ஆயின் அக்கூற்று அக்கணத்திற்கு உரியதன்று. அச்சேறப்போகும் பக்கத்திற்கு உரியது. எதிரில் இருப்பவர் கேட்பவரல்லர், எழுதுபவர் மட்டுமே; கேட்போர் இதழின் வாசகர். வடிவத்தால் செய்தியாகவும் ஆற்றலால் ஏவலாகவும் அமைந்த கூற்று இது.

தமிழாக்குபவருக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஆங்கிலத்தின் எளிய நிகழ்கால எதிர்மறைக்குத் தமிழில் ஒரே வடிவம் இல்லை. ‘நான் புகைக்கவில்லை’ என்றால் கண்முன் நிகழ்வதையே மறுத்ததாகி, காட்சி நகைச்சுவையாகிவிடும். ‘நான் புகைக்க மாட்டேன்’ என்பது பேச்சில் வழக்கத்தையும் குறிக்குமாயினும் இனிமேல் செய்யேன் என்னும் உறுதிமொழியின் சாயலையும் ஏற்றுக்கொள்ளும். ‘நான் சிகரெட் பிடிக்கவில்லை’ என்று எழுதுவோர், வேறொரு ‘பிடிக்கவில்லை’ வாசகரின் மனத்தில் குறுக்கிடுவதையும் எண்ண வேண்டும். ‘புகைப்பதில்லை’ என்பதே பொருந்தும். அது வழக்கத்தை மறுக்கிறது, கணத்தைத் தொடுவதில்லை. ‘என்று எழுதிக்கொள்ளுங்கள்’ எனத் தொடரை நீட்டித் தெளிவாக்க முனையும் மொழிபெயர்ப்பாளர் காட்சியையே கெடுத்தவராவார். ஏவல் சொல்லப்படாமல் இருப்பதுதான் அங்கே அதிகாரம்.

இதற்கு இணையான மற்றொன்று, குண்டு பாய்ந்த நொடியை அவர் விவரிக்கும் பகுதி. குரல் உடைய, ஒளிவின்றி எல்லாவற்றையும் கூறிவிட்டு, உடனே அதை வெளியிட இசையப்போவதில்லை என்கிறார். சொன்னது அழிக்கப்படுகிறது, ஆனால் அரங்கில் இருப்போர் கேட்டுவிட்டனர். பதிவுக்குரியது, பதிவுக்கு அப்பாற்பட்டது என்னும் இரு நிலைகளுக்கிடையே பார்வையாளரை நிறுத்தும் இந்த உத்தி படம் முழுதும் தொடர்கிறது.

நட்டாலி போர்ட்மனின் குரலும் இதற்கேற்பப் பிரிகிறது. 1962 பிப்ரவரி 14 அன்று ஒளிபரப்பான வெள்ளை மாளிகைச் சுற்றுலா நிகழ்ச்சியைப் படம் கறுப்பு வெள்ளையில் மீட்டுருவாக்குகிறது. அங்கே மூச்சுக் கலந்த, மனப்பாடம் செய்த, ஒவ்வோர் அசையும் எடையிடப்பட்ட பேச்சு. இதழாளரிடம் வறண்ட, அறுத்துப் பேசும் நடை. பாதிரியாரிடம் தளர்ந்த நடை. தமிழ்த் துணைத்தலைப்புகள் எல்லாவற்றையும் ஒரே எளிய எழுத்து வழக்கில் தருமாயின் மூவர் ஒருவராகிவிடுவர். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பிரிந்து கிடக்கும் மொழிக்கு இங்கே உண்மையில் கூடுதல் வசதி உண்டு. தொலைக்காட்சிப் பகுதிக்கு மேடைத் தமிழையும் பாதிரியாருடனான பகுதிக்குப் பேச்சுத் தமிழையும் பயன்படுத்தலாம்.

விளியும் அத்தகையது. இதழாளர் ‘மிஸஸ் கென்னடி’ என்றே அழைக்கிறார்; ‘அம்மா’ எனப் பெயர்த்தால் இல்லாத பணிவு வந்து சேரும். ராபர்ட் கென்னடி கணவனின் தம்பி, ஆயினும் ஜாக்குலினைவிட நான்கு வயது மூத்தவர். தமிழ் உறவுமுறை ‘அண்ணி’ என்ற சொல்லை நீட்டும். அதை வாங்காமல் இருப்பதே நல்லது. ‘விடோ’ என்ற சொல்லுக்கு ‘விதவை’, ‘கைம்பெண்’ எனப் பல உண்டு. இவற்றுள் எதை எடுத்தாலும் மங்கலம் இழந்தவள் என்ற நிழல் தொடரும். மேலும் தமிழ் மரபில் கைம்மைக் கோலம் பிறரால் பூட்டப்படுவது. இவரோ குருதி படிந்த உடையை மாற்ற மறுத்தவர். இறுதி ஊர்வலத்தைத் தாமே வகுத்தவர். இயன்ற இடங்களில் ‘கென்னடியின் மனைவி’ என நிறுத்துவது குறைந்த இழப்புடைய வழி.

ஊர்வலம் உருவாகும் காட்சியும் பெயர்களைப் பற்றியதே. உடலைக் கொண்டு செல்லும் வண்டியின் ஓட்டுநரிடம் கார்ஃபீல்டைத் தெரியுமா, மெக்கின்லியைத் தெரியுமா என்று கேட்கிறார். 1881இலும் 1901இலும் பதவியில் இருக்கையில் சுடப்பட்டு இறந்தவர்கள் அவர்கள். ஓட்டுநருக்குத் தெரியவில்லை. லிங்கனைத் தெரியும். 1865இல் நிகழ்ந்த லிங்கனின் இறுதிச் சடங்கே முன்மாதிரியாகிறது. மரணம் பெயரைக் காப்பதில்லை, சடங்கும் சொல்லும் காக்கின்றன என்பதை யாரும் விளக்காமலேயே இக்காட்சி உணர்த்துகிறது. படத்தின் மிகச் சிறந்த எழுத்து இதுவே.

இவ்வளவு கட்டுப்பாடுள்ள திரைக்கதை பாதிரியார் வரும் பகுதிகளில் தடுமாறுகிறது. ஜான் ஹர்ட் நன்றாகவே நடிக்கிறார். ஆனால் அவர் வாயில் வைக்கப்பட்டவை பொன்மொழிகள். மற்ற இடங்களில் சொல் ஒரு செயல். இங்கே அது அறிவுரை. யார் எதை எவருக்காகச் சொல்கிறார் என்ற ஐயத்தால் உயிர்பெற்ற படம், ஐயத்திற்கு இடமற்ற ஒருவரை அழைத்து வந்து தன் முறையைத் தானே மறந்துவிடுகிறது. மைக்கா லீவியின் இசையில் நரம்புக் கருவிகள் சுருதியிலிருந்து வழுக்கி இறங்கும் ஒலி, அந்த உரையாடல்களைவிடத் துயரை நேர்மையாகச் சொல்கிறது.

எஞ்சுவது ‘காமலாட்’ என்னும் ஒரு சொல். ஆர்தர் மன்னனின் அரண்மனைப் பெயர். 1960 டிசம்பரில் பிராட்வேயில் அரங்கேறிய இசை நாடகத்தின் தலைப்பு. அந்நாடகத்திற்கு மூலமான நாவலை எழுதியவரும் ஒரு டி. எச். வொயிட், இதழாளருக்கும் அவருக்கும் உறவில்லை. கென்னடி ஆட்சிக்கு அச்சொல்லை ஜாக்குலினே சூட்டினார். கட்டுரையில் அது நீங்காதிருக்கவும் வலியுறுத்தினார். தமிழில் இதை ‘பொற்காலம்’ எனப் பெயர்ப்பது எளிது, தவறும் கூட. பொற்காலம் என்பது வரலாற்றாசிரியர் வழங்கும் தீர்ப்பு. காமலாட் ஒரு மனைவி தேர்ந்தெடுத்த கதை. ஒலிபெயர்ப்பாக விட்டு, நாடகத்தின் இசைத்தட்டு சுழலும் காட்சியே அதன் பொருளைத் தருமாறு விடுவது தக்கது. வொயிட் 1978இல் வெளியிட்ட தம் நினைவுநூலில், கென்னடி ஆட்சியைக் காமலாட் என்பது வரலாற்றைத் தவறாகப் படிப்பது என எழுதினார். அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் ஜாக்குலின் மறைந்த மறு ஆண்டில், 1995இல், பாஸ்டனிலுள்ள கென்னடி நூலகத்தில் பொதுப் பார்வைக்குத் திறக்கப்பட்டன. இதழில் இடம்பெறாத பலவும் அவற்றில் உள்ளன.