ஏற்றத்துக்கு ஒரு வண்டி

புது வண்டி என்னை மயக்கியது இறக்கத்தில் இல்லை, ஏற்றத்தில். முன்னும் பின்னும் ஷாக் வைத்த மலைச் சைக்கிள் என்றால், உச்சியிலிருந்து தலைதெறிக்கக் கீழே பாய்வதற்கென்றே செய்தது என்பதுதான் பரவலான பேச்சு. மேடு ஏற அது ஆகாது, மிதிக்கிற பலத்தில் பாதியை ஷாக்கே தின்றுவிடும் என்பார்கள். ஒரு காலத்தில் அதில் உண்மையும் இருந்தது. இனி அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் கையைப் பிடித்து டெமோ காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ரிட்ஜ் ட்ரெயிலில் வேர்கள் படிபடியாக எழுந்து நிற்கும் அந்தக் குட்டி மேட்டைக் காட்டி, என் வண்டியையும் கொடுத்து, "ஏறிப் பாருங்கள்" என்பேன்.

டெமோ என்று நாங்கள் சுருக்கிச் சொல்வது சொக்கெல் டெமான்ஸ்ட்ரேஷன் ஸ்டேட் ஃபாரஸ்ட். கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயிலிருந்து 17-ஆம் நெடுஞ்சாலையில் மலையேறி, சம்மிட் ரோட்டில் திரும்பி, ஹைலண்ட் வே வழியாகப் போனால் வரும். ரெட்வுட் மரங்கள் ஓங்கி நிற்கிற காடு. சிலிக்கான் பள்ளத்தாக்கில் கணினி முன்னால் வாரம் பூராவும் குந்தியிருக்கிற என் போன்றவர்களுக்கு சனிக்கிழமையின் சொர்க்கம் அது.

அங்கே இதுவரை நான் ஓட்டியது அலுமினிய ஹார்ட்டெயில். முன்னால் மட்டும் ஷாக், பின்பக்கம் விறைப்பு. எனக்குக் காட்டுப் பாதையைக் கற்றுக்கொடுத்ததே அந்த வண்டிதான்; அதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் வேர்மேட்டில் அது என்ன செய்யும் என்றால், பின்சக்கரம் ஒரு வேரில் மோதியதும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிற என்னையும் சேர்த்துத் தூக்கியாக வேண்டும். ஒவ்வொரு வேருக்கும் முழு வண்டி, முழு ஆள். தூக்கிய பிறகு சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பிய அந்த நொடியில் மிதித்த மிதி வீண்; சக்கரம் சும்மா சுற்றும். மூன்றாவது வேருக்குள் வேகம் செத்து, கால் தரைக்கு வந்துவிடும். பின்னால் ஒரு ஷாக் இருந்தால் சக்கரம் மட்டும் எழும்பி இறங்கும், ஆள் எழும்ப வேண்டியதில்லை. சொகுசு அப்புறம்தான். முதல் காரியம் பிடிமானம். டயர் மண்ணை விடாமல் இருந்தால்தானே மிதி வேலைக்கு ஆகும்!

ஆகவே வாங்கினேன். சான்டா குரூஸ் கம்பெனியின் டால்பாய், கார்பன் ஃப்ரேம். 29 அங்குலச் சக்கரம், பின்னால் 120 மி.மீ., முன்னால் 130 மி.மீ. அசைவு. 150, 160 என்று இன்னும் ஆழமாக அமுங்கும் வண்டிகள் கடையில் வரிசையாக நின்றன. அவை பெரிய பாறைக்கும் பெரிய தாண்டலுக்கும் ஆனவை. எனக்கு வேண்டியது நாள் முழுக்க ஏறவும் இறங்கவும் ஒரு வண்டி, அதற்கு 120 தாராளம். கம்பெனி இருப்பதும் இதே மலைத்தொடரின் கடற்கரைப் பக்கம்தான். இந்த மண்ணையும் இந்த வேர்களையும் தெரிந்தவர்கள் வரைந்த வண்டி என்பது ஓட்டும்போது புரிகிறது. விலை ஐயாயிரம் டாலருக்கு மேல். ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "சைக்கிளாடா? மோட்டார் உண்டா?" என்றாள். இல்லை அம்மா, மோட்டார் நான்தான்.

கார்பனைப் பற்றி எனக்கும் பயம் இருந்தது. கல் பட்டால் விரிசல் விடுமோ, ஒருநாள் பட்டென்று ஒடிந்துவிடுமோ என்று. படிக்கப் படிக்க அது மரியாதையாக மாறியது. அலுமினியக் குழாய் எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரே குணம்தான் காட்டும். கார்பன் அப்படியில்லை. முடியைவிட மெல்லிய இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக அச்சில் போட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்குகிறார்கள். இழை எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் பலம். கோரைப்பாயை நீளவாக்கில் சுருட்டினால் சுருளும், அகலவாக்கில் மடக்கினால் முறைத்துக்கொண்டு நிற்கும், அதேதான். பெடல் பக்கம் முறுக்கிக்கொள்ளாமல் விறைப்பாக இருக்க ஒரு திசை அடுக்கு, கல்லடி படுகிற கீழ்க்குழாயில் கூடுதல் கனம், அதிர்வு தணிய வேண்டிய இடத்தில் வேறு அடுக்கு என்று ஒரே ஃப்ரேமுக்குள் இடத்துக்கு இடம் குணத்தை மாற்றலாம். அந்தச் சுதந்திரத்துக்குத்தான் இத்தனை காசு. எடை குறைவதெல்லாம் கூட வருகிற லாபம். கடைத் தராசில் பெடலோடு சேர்த்து 14 கிலோவுக்குள் நின்றது. ஒரே நிபந்தனை, எந்தப் போல்ட்டையும் கைக்கணக்கில் இறுக்கக் கூடாது. எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறார்களோ அத்தனைக்கு டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முடுக்க வேண்டும். இதை மட்டும் கறாராகக் கடைப்பிடிக்கிறேன்.

பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பைத்தான் நான் வண்டியை விட்டு இறங்கியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வி.பி.பி. என்பார்கள். பின்பக்க முக்கோணம் முன் ஃப்ரேமோடு இரண்டு சின்ன இணைப்புகளால் சேர்கிறது. ஷாக் அமுங்கும்போது அவை ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுழல்கின்றன. பழைய வண்டிகளில் மிதிக்கும்போது நம் எடை பின்னுக்குச் சாய்ந்து ஷாக்கை அமுக்கும், அடுத்த மிதியில் அது எழும்பும், இப்படியே ஊஞ்சலாட்டம். இங்கே செயின் இழுக்கிற இழுப்பே பின்சக்கரத்தைக் கீழ்நோக்கித் தள்ளி அந்தச் சாய்வைச் சரிக்கட்டும்படி இணைப்புகளின் இடத்தையும் நீளத்தையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லை, பேட்டரி இல்லை. நாலு பேரிங்கும் வடிவியலும்தான். இதைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

முதல் நாள் ஓட்டத்துக்கு முன்னால் ஷாக்கில் காற்று வைக்க வேண்டும். அதற்கு மதுரைக்கார அண்ணன் ஒருவர் வந்தார். என்னைக் காட்டுக்குள் இழுத்துவிட்டவரே அவர்தான். வண்டி ஷெட்டில் சுவரோரமாக வண்டியை நிறுத்தி, ஹெல்மெட், தண்ணீர்ப்பை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி உட்காரச் சொன்னார். ஷாக் தண்டில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அதைச் சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, "தம்பி, ஆடாம அசையாம உட்காரு, மூச்சுகூட மெதுவா விடு" என்றார். என் எடைக்கு ஷாக் அமுங்கியது, வளையம் நகர்ந்தது. மெதுவாக இறங்கினேன். அவர் ஸ்கேலை வைத்து அளந்தார். தண்டின் மொத்த ஓட்டம் 45 மி.மீ. அதில் முப்பது விழுக்காடு, அதாவது பதின்மூன்று மி.மீ. சொச்சம், சும்மா உட்கார்ந்தாலே அமுங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட இடமிருக்கும். எங்களுக்கு முதலில் பத்துதான் வந்தது. கொஞ்சம் காற்றை இறக்கி மறுபடி உட்கார்ந்தேன். "பதிமூணு! விட்டுரு, கை வைக்காதே" என்றார் அண்ணன், ஏதோ குழந்தைக்குப் பேர் வைத்த திருப்தியில். டயர்கள் ட்யூப் இல்லாதவை, உள்ளே சீலன்ட் பால். முன்னால் 22 பி.எஸ்.ஐ., பின்னால் 25. ஹார்ட்டெயிலில் இவ்வளவு குறைத்தால் வேரில் ரிம் இடிக்கும். இதில் ஷாக் பாதி அடியை வாங்கிக்கொள்வதால் டயரை மெத்தென்று விட்டுவைக்கலாம்.

முந்தின இரவு மழை. காட்டு மண் குளிர்ந்து, டயருக்குப் பிடி கொடுக்கிற பதத்தில் இருந்தது. ஹைலண்ட் வேயில் தார் ரோட்டு ஏற்றம், பிறகு பசர்ட் லகூன் ரோடு, பிறகு ஆப்டோஸ் கிரீக் ஃபயர் ரோடு, அதாவது தீயணைப்பு வண்டிகள் போவதற்கான மண்சாலை. இந்த நீண்ட ஏற்றத்தில்தான் முதல் சோதனை. பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டில் பெரியதற்கு 52 பல், முன்னால் 32. மிதியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் சக்கரம் முக்கால் சுற்றுகூடப் போகாது, அவ்வளவு இலகு. குனிந்து ஷாக்கையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். ஆட்டமே இல்லை! பூட்டிவைக்கிற நெம்புகோல் ஒன்று உண்டு, அதை நான் தொடவே இல்லை. சரளைக்கல்லில் மட்டும் பின்சக்கரம் மெல்ல மெல்ல அசைந்து கல்லைத் தடவிக்கொண்டு வந்தது. மிதித்த பலம் முழுவதும் மண்ணுக்குப் போனது.

மலைச் சைக்கிள் பிறந்ததும் இப்படியொரு ஃபயர் ரோட்டில்தான். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே, 1976 அக்டோபர் 21-இல் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் வண்டிகளில் மலையிறங்கிப் பந்தயம் வைத்தார்கள். பின்மிதி பிரேக்கின் கிரீஸ் இறங்கி முடிப்பதற்குள் காய்ந்து புகைந்துவிடும், ஒவ்வொரு தடவையும் புதிதாக அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பேர் விழுந்தது. அவர்களில் ஒருவரான ஜோ ப்ரீஸ் 1977-இல் இதற்கென்றே கட்டிய வண்டி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஷாக் இல்லை, டிஸ்க் பிரேக் இல்லை, 52 பல் இல்லை, ஆனாலும் இறங்கினார்கள். அவர்களுக்கு நாமெல்லாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதை இந்த வண்டியில் உட்கார்ந்துதான் நான் சரியாக உணர்ந்தேன்.

ரிட்ஜ் ட்ரெயில் தொடங்கியது. மரங்களுக்கு நடுவே ஓர் ஆள் அகலப் பாதை. பாறை, வேர், திடீர்ப் பள்ளம், திடீர் மேடு. அந்த வேர்மேடு வருவது தெரிந்ததும் எனக்குப் பழைய ஞாபகத்தில் தோள் இறுகியது. பின்னாலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: "எந்திரிக்காதே! உட்கார்ந்தே மிதி! அது பாத்துக்கும்!"

உட்கார்ந்தே மிதித்தேன். முன்சக்கரம் முதல் வேரில் ஏறியது. பின்சக்கரம் அதே வேருக்கு வந்தபோது இடி வரும் என்று இடுப்பு காத்திருந்தது. வரவில்லை. சக்கரம் மட்டும் மேலே போய், வேரின் முதுகைத் தாண்டி, அப்பால் இருந்த குழியில் இறங்கி மண்ணைக் கவ்வியது. நான் இருந்த உயரத்திலேயே இருந்தேன். இரண்டாவது வேர் ஈரமாக, பட்டை உரிந்து வழுவழுவென்று, பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கிடந்தது. என் காலை எப்போதும் தரைக்குக் கொண்டுவருவது அதுதான். டயர் ஒரு விரற்கடை பக்கவாட்டில் நழுவியது, உடனே அழுந்திப் பிடித்தது, ஏறியது. மூன்றாவது, நான்காவது. கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. அங்கே மட்டும் உடம்பை முன்னுக்குக் கொண்டுபோய் ஓர் அழுத்து அழுத்தினேன். மேலே நின்றேன். நின்று, காடு அதிர ஒரு கத்து கத்தினேன். அண்ணன் வந்து சேர்ந்து, "நான்தான் சொன்னேன்ல?" என்று முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

அதற்கப்புறம் ஃப்ளோ ட்ரெயில். உள்ளூர்த் தொண்டர்கள் பாடுபட்டு உருவாக்கி 2015-இல் முடித்த பாதை, ஆறு கிலோமீட்டர் அளவுக்கு இறக்கம். வளைவு வந்தால் மண்ணைச் சாய்வாகச் சுவரெழுப்பி வைத்திருப்பார்கள். பெர்ம் என்பது அதைத்தான். இடது கட்டை விரலால் சீட்டை இறக்கும் நெம்புகோலை அழுத்தினேன், சீட் சரக்கென்று கீழே இறங்கியது. பெர்முக்குள் நுழையும்போது பிரேக்கை விட்டுவிட்டு வண்டியை மட்டும் சாய்த்தேன். உடம்பின் கனம் காலுக்கு இறங்கியது, ஷாக் ஆழமாக அமுங்கியது, இரண்டு டயரும் மண்சுவரில் ஒட்டிக்கொண்டன. வெளியே வரும்போது அமுங்கிய ஷாக் எழும்பி என்னை அடுத்த வளைவுக்கு வீசிக் கொடுத்தது. மிதிக்கவே இல்லை! வளைவுக்கு வளைவு அதே வீச்சு. வண்டியிலிருந்து சத்தம் என்று எதுவுமில்லை. கேபிள்களெல்லாம் ஃப்ரேமுக்குள் குழாய் வழியாக ஓடுவதால் கடகடப்பு கிடையாது. டயர் மண்ணில் உரசுகிற ஒலியும் என் சிரிப்பும்தான். ஒரு திருப்பத்தில் பாதையோரம் மஞ்சள் பழ நிறத்தில் ஓடில்லாத நத்தை ஒன்று, பனானா ஸ்லக், ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த வேகத்திலும் ஒரு சாண் தள்ளி வண்டியைக் கொண்டுபோக முடிந்தது. நினைத்த இடத்தில் சக்கரம் போகிறது என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

டெமோவில் இறக்கம் முடிந்தால் வீடு இல்லை. ஹின்ஸ் மில் ரோட்டில் மறுபடி ஏறினால்தான் காருக்குப் போகலாம். களைத்த காலோடு ஏறுகிற அந்த மண்சாலையை எல்லாரும் திட்டுவார்கள். நான் அன்றைக்கு அதையும் ரசித்து ஏறினேன், பேசிக்கொண்டே ஏறினேன், அண்ணன் "போதும்பா, மூச்சை மிச்சம் வை" என்கிற வரை பேசினேன்.

கார் நிறுத்துமிடத்தில் ஷாக்கின் ரப்பர் வளையத்தைப் பார்த்தோம். தண்டின் கடைசிக்கு இரண்டு மி.மீ. இருக்கும்போது நின்றிருந்தது. அண்ணன் கணக்குப்படி சரியான காற்று. முன்பக்க ஷாக்கான ஃபோர்க்கில் மட்டும் இன்னும் விரலகலம் மிச்சம், அதில் ஐந்து பி.எஸ்.ஐ. குறைக்கச் சொன்னார். குறைத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை பக்கத்திலிருக்கும் பிரெய்ல் ட்ரெயிலுக்குப் போகிறோம். அங்கே தாண்டல்கள் உண்டு.